வீட்டில் கார் என்ஜின் இறக்க எதை வாங்கலாம்: கிரேனா, செயின் பிளாக்கா, லிஃப்ட் டேபிளா?

என்ஜின் கிரேன் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை டன்?" என்றுதான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பதும் அந்த எண்தான். அதை மட்டும் நம்பி வாங்கினால் வேலை பாதியில் நிற்கும். 2 டன் என்று விற்கிற மடிப்புக் கிரேனின் பூமில், அதாவது நீட்டிச் சுருக்கும் கையில், பெரும்பாலும் நான்கு துளைகள் இருக்கும். பூமை முழுக்க உள்ளே தள்ளிப் பின்னைச் சொருகினால்தான் 2000 கிலோ. ஒவ்வொரு துளையாக வெளியே இழுக்க இழுக்க 1500, 1000 என்று குறைந்து, கடைசித் துளையில் 500 கிலோவில் வந்து நிற்கும். காரின் முன்னால் கிரேனை நிறுத்தி, பம்பரையும் ரேடியேட்டரையும் தாண்டி என்ஜினின் நடுவுக்குக் கொக்கி போய்ச் சேர வேண்டுமானால், மூன்றாவது அல்லது நான்காவது துளையில்தான் வேலை நடக்கும். ஆகவே 2 டன் வாங்கினாலும் உங்கள் கையில் உண்மையில் இருப்பது 500 கிலோ கிரேன். 1 டன் மாடல்களில் கடைசித் துளையில் வெறும் 250 கிலோ என்று எழுதியிருப்பதும் உண்டு.

அந்த 500 கிலோ போதுமா என்றால், காருக்குத் தாராளமாகப் போதும். மூன்று சிலிண்டர் 1 லிட்டர் பெட்ரோல் என்ஜின், ஆல்டர்னேட்டர், மேனிஃபோல்டு எல்லாம் சேர்த்தே ஏறத்தாழ 70 முதல் 90 கிலோ. நான்கு சிலிண்டர் 1.5 லிட்டர் அலுமினிய என்ஜின் 100 முதல் 130. வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட 2 லிட்டர் டீசல் 200 கிலோவை ஒட்டி வரும். இதோடு மேனுவல் கியர் பாக்ஸ் 30 முதல் 50 கிலோ, ஆட்டோமேட்டிக் என்றால் 70 முதல் 100. பெரிய வார்ப்பிரும்பு வி8 என்ஜினைக் கியர் பாக்ஸோடு சேர்த்து எடுப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு 300 கிலோவைத் தாண்டுவது அரிது. சிறிய பெட்ரோல் கார்தான், அதுவும் எப்போதும் அதுதான் என்றால் 1 டன் கிரேன் போதும். டீசல் வண்டி என்றால் 2 டன்னுக்குக் கீழே போக வேண்டாம்.

எடையைத் தீர்த்துவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது நீளம். கடையில் கிரேனை விரித்து, பூமைக் கடைசித் துளைக்கு இழுத்து, தரைக்கு இணையாக நிறுத்தச் சொல்லுங்கள். கொக்கியிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நட்டு, கால்களின் முன் சக்கரங்களுக்கு உள்பக்கமாக விழ வேண்டும். சக்கரத்தின் நேர் மேலேயோ அதைத் தாண்டியோ விழுந்தால், பாரத்தோடு தள்ளும்போது கிரேன் முன்னால் கவிழப் பார்க்கும். பூம் நீளமாக இருப்பதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். கால் அதற்கு ஈடாக நீளாவிட்டால் அந்தப் பூமால் பயனில்லை.

உயரக் கணக்கை வீட்டிலேயே டேப்பை வைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முன் குறுக்குச் சட்டத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ. கிரேனின் கால்கள் அடியில் நுழைவதற்காகக் காரின் முன்பக்கத்தை 15 செ.மீ. தூக்கியிருக்கிறோம், ஆக 90. அந்த விளிம்பை என்ஜினின் அடிப்பாகம் தாண்ட வேண்டும். என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பின் அடியிலிருந்து தூக்கும் கண்ணி வரை என்ஜின் உயரம் 65. சங்கிலியும் லெவலரும் (தொங்கும் என்ஜினைச் சாய்க்க உதவும் திருகுச் சட்டம்) சேர்ந்து 45. மொத்தம் 200 செ.மீ. உயரத்துக்குக் கொக்கி போக வேண்டும். மடிப்புக் கிரேன்களின் உச்ச உயரம் பெரும்பாலும் 2 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் கடைசி ஐந்து செ.மீ.க்குத் திண்டாடுவது இந்த வேலையில் வழக்கமான தலைவலி. காரைத் தேவைக்கு மேல் தூக்கி நிறுத்தாதீர்கள். கால் நுழையும் அளவு போதும். சங்கிலியை எவ்வளவு குட்டையாகக் கட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாகக் கட்டலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். முன் குறுக்குச் சட்டம் போல்ட்டில் நிற்கிற வண்டி என்றால் அதைக் கழற்றிவிடுவதே உத்தமம். பத்துப் பதினைந்து நிமிட வேலை; உயரப் பிரச்சினையே தீர்ந்துவிடும்.

பூம் நேர்கோட்டில் மேலே போவதில்லை, வட்டமாகச் சுழன்று போகிறது. தரைக்கு இணையான நிலையைத் தாண்டி மேலே ஏறும்போது கொக்கி கிரேனின் தூணை நோக்கிப் பின்வாங்கும். கிரேனை நகர்த்தாமல் பம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தால் என்ஜின் முன்னால் இழுபட்டு ரேடியேட்டர் பக்கம் மோதும். நாலு அடி அடித்தால் கிரேனைச் சற்றுத் தள்ளி, மறுபடி நாலு அடி அடிக்க வேண்டும். இதனால்தான் சக்கரத்தின் தரம் இவ்வளவு முக்கியமாகிறது. மலிவான கிரேன்களில் சின்ன இரும்புச் சக்கரம் போட்டிருப்பார்கள். தரையில் கிடக்கிற ஒரு சிறு கல், ஒரு வாஷர் போதும், 200 கிலோ பாரத்தோடு கிரேன் அப்படியே நின்றுவிடும். பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் என்ஜின் ஊஞ்சலாடும். விட்டம் பெரிய, பேரிங் உள்ள சக்கரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் வீண் போகாது. காங்கிரீட் தரை வெடித்திருந்தால் 18 மி.மீ. பிளைவுட் பலகைகளை இடைவெளி இல்லாமல் சேர்த்துப் போடுங்கள். மண் தரையிலும் ஜல்லியிலும் மடிப்புக் கிரேன் உருளாது. அங்கே வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

கிரேனின் உயிர் அதன் ராம், அதாவது ஹைட்ராலிக் ஜாக். 2 டன் கிரேனில் 8 டன் ஜாக் இருப்பதைப் பார்த்துச் சிலர் மலைத்துப்போவார்கள். ராம் பூமின் கீலுக்கு அருகில் தள்ளுகிறது, பாரமோ தொலைவில் தொங்குகிறது. அந்த நெம்புகோல் கணக்குக்காகத்தான் 8 டன். கடையில் சோதிக்க வேண்டியது தூக்கும் பலத்தை அல்ல, இறக்கும் பக்குவத்தை. ரிலீஸ் வால்வைக் கால் சுற்று திறக்கும்போது பூம் மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும். திருகத் திருக ஒன்றுமே நடக்காமல், திடீரென்று பொத்தென்று இறங்குகிற ஜாக்கைத் தொடவே வேண்டாம். புதிய என்ஜினைப் பொருத்தும்போது கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டைக் கிளட்ச்சுக்குள் நுழைக்க ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று இறக்க வேண்டியிருக்கும்; அங்கே இந்த வால்வுதான் எல்லாம். வெறும் பூமை இறக்கிப் பார்த்தால் எல்லா ஜாக்கும் சாதுவாகத்தான் தெரியும். பாரம் மாட்டிச் சோதியுங்கள், அல்லது ஒருவரைப் பூமின் நுனியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கச் சொல்லித் திறந்து பாருங்கள்.

பழைய கிரேன் வாங்குவது தவறில்லை, நன்றாகப் பார்த்து வாங்கினால் புதியதைவிட மேல். ராமின் குரோம் தண்டில் நீளவாட்டில் கீறல் இருந்தால் சீல் சீக்கிரம் போகும். தூணின் அடியிலும் பூமின் கீல் இருக்கும் இடத்திலும் வெல்டிங்கைத் துணியால் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைக் கோடு ஓடி, அதில் துரு கசிந்திருந்தால் உள்ளே விரிசல் என்று அர்த்தம். பின் துளைகள் வட்டமாக இருக்க வேண்டும். நீண்டு முட்டை வடிவமாகியிருந்தால் அளவுக்கு மீறித் தூக்கியிருக்கிறார்கள். தொலைந்த பின்னுக்குப் பதிலாக முழுக்க மரை வெட்டிய போல்ட்டைப் போட்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும், மரையின் பள்ளத்தில்தான் போல்ட்டு வெட்டுப்படும். கடைசியாக, தெரிந்த எடை ஒன்றைத் தூக்கி, ராம் தண்டில் மார்க்கரால் கோடு போட்டு, 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். கோடு உள்ளே போயிருந்தால் வால்வில் அழுக்கு அல்லது சீல் தேய்ந்திருக்கிறது. பஞ்சு போல அமுங்கி அமுங்கி ஏறுகிறது என்றால் உள்ளே காற்று. ராமை முழுக்க இறக்கி, ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து அடி பம்ப் செய்து, ஜாக் ஆயில் நிரப்பினால் சரியாகிவிடும். பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சீல் ஊதிப் போகும்.

லெவலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தேவையில்லாத செலவு என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நீளவாட்டில் என்ஜின் இருக்கும் பின்சக்கர இழுவை வண்டியில், கியர் பாக்ஸோடு சேர்த்து எடுக்க என்ஜினை 30 முதல் 45 டிகிரி வரை சாய்க்க வேண்டும். முன்பக்கம் மேலே, கியர் பாக்ஸ் வால் கீழே. லெவலர் இல்லாமல் சங்கிலியை மட்டும் வைத்துச் செய்தால், பாதியில் இறக்கி, கண்ணி மாற்றி, மறுபடி தூக்கி என்று மல்லுக்கட்ட வேண்டும். லெவலர் இருந்தால் கைப்பிடியைச் சுழற்றினால் போதும், கொக்கி மையத்திலிருந்து நகர, என்ஜின் தானே சாயும். வாங்கும்போது நடுத்திருகின் மரை தடிமனாக இருக்கிறதா பாருங்கள். கிரீஸ் வைக்காமல் பாரத்தில் சுழற்றினால் மரை அரைபட்டுப் போகும். மாட்டும்போது கைப்பிடி ரேடியேட்டர் பக்கம் வருமாறு மாட்டுங்கள். திருப்பி மாட்டிவிட்டால் அது கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டில் இடித்துக்கொண்டு சுழலாது. என்ஜின் அந்தரத்தில் தொங்கும்போதுதான் அது தெரியவரும். இன்னொன்று, சாய்க்கும் முன் கியர் ஆயிலை வடித்துவிடுங்கள், அல்லது வால் துவாரத்தை அடையுங்கள். இல்லையென்றால் அத்தனை ஆயிலும் தரையில், அதன் மேல்தான் கிரேனை உருட்ட வேண்டியிருக்கும்.

இப்போது அந்தச் சங்கிலிச் சிக்கல். இரண்டு முனைகளில் மாட்டிய சங்கிலி தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் ஏறினால் ஒவ்வொரு பக்கத்திலும் பாரத்தின் 58 சதவீதம் விழும். 45 டிகிரியில் 71 சதவீதம். 30 டிகிரிக்குத் தட்டையானால் ஒவ்வொரு பக்கத்திலும் முழுப் பாரமும் விழும். 150 கிலோ என்ஜினுக்கு ஒவ்வொரு போல்ட்டிலும் 150 கிலோ, அதுவும் மேல்நோக்கி அல்ல, பெரும்பாலும் பக்கவாட்டில். உயரம் மிச்சப்படுத்தச் சங்கிலியை இறுக்கிக் கட்டுகிறவர்கள் போல்ட்டை வளைத்துவிடுவது இதனால்தான். 45 டிகிரிக்குக் கீழே போகாதீர்கள். லெவலரின் சட்டம் அகலமாக இருந்தால் சங்கிலி கிட்டத்தட்ட நேராகத் தொங்கும், உயரமும் மிச்சமாகும்; அதை வாங்க இது இன்னொரு காரணம்.

சங்கிலி கிரேடு 80 முத்திரை உள்ளதாக இருக்கட்டும், 8 மி.மீ. தடிமனில் ஒற்றைச் சங்கிலியே 2 டன் தாங்கும். மாடு கட்டும் சங்கிலி, கேட் சங்கிலி, வண்டி இழுக்கும் நைலான் கயிறு எதுவும் ஆகாது. என்ஜினில் கம்பெனியே வைத்த தூக்கும் கண்ணிகள் இரண்டு, மூலைக்கு மூலையாக இருக்கும், அவற்றையே பயன்படுத்துங்கள். கழன்று போயிருந்தால் சிலிண்டர் ஹெட்டின் தடித்த பகுதியிலோ கியர் பாக்ஸ் இணையும் இடத்திலோ 8.8 கிரேடு எம்10 போல்ட்டாவது போட்டு மாட்டலாம். அலுமினியத்தில் மரை குறைந்தது போல்ட்டு விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆழம் இறங்க வேண்டும். எம்10 என்றால் 15 மி.மீ. பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு, டாப் கவரின் எம்6 போல்ட்டு இவற்றில் சங்கிலி மாட்டுவது என்ஜினைக் கீழே போடுவதற்கான வழி.

கைச்சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்குக்கு வருவோம். என்ஜினைச் சீராகத் தூக்குவதிலும் இறக்குவதிலும் இதற்கு நிகராக எதுவும் இல்லை. நேர்கோட்டில் ஏறும், சங்கிலியை விட்டால் உள்ளிருக்கும் பிரேக் அப்படியே பிடித்து நிற்கும், சீல் கசிந்து இறங்கும் பேச்சே இல்லை. 1 டன், 3 மீட்டர் தூக்கும் பிளாக் போதும். சிக்கல் எதில் மாட்டுவது என்பதுதான். மரச் சட்டம், தகரக் கூரையின் ஆங்கிள், வீட்டு விட்டத்தில் அடித்த கொக்கி இவையெல்லாம் மேலிருந்து அழுத்தும் எடைக்காகப் போட்டவை. ஒரே புள்ளியில் 250 கிலோவைத் தொங்கவிட அல்ல. இதற்கென்று செய்த இரும்பு கேன்ட்ரி, இருபுறமும் ஏ வடிவக் கால்களுடன், குறுக்கே ஐ பீம் வைத்தது, அதுதான் சரி. இதில் என்ஜின் நகராது. தூக்கியபின் காரைத்தான் பின்னால் தள்ள வேண்டும். மண் தரை உள்ளவர்களுக்கு இதுவே வரம். கிரேனின் சின்னச் சக்கரம் புதையும் இடத்தில் கார் டயர் சுலபமாக உருளும். ஆனால் அதற்குக் கார் தன் சக்கரத்தில் நிற்க வேண்டும், அதாவது முன் சஸ்பென்ஷனைக் கழற்றாத வேலையாக இருக்க வேண்டும். கம்பி வலிக்கும் ராட்செட் புல்லரைச் செயின் பிளாக்குக்குப் பதிலாகப் பயன்படுத்தாதீர்கள். அது இழுக்கும் கருவி. இறக்கும்போது ஒவ்வொரு பல்லாக வெடுக் வெடுக்கென்று விழும்.

பல முன்சக்கர இழுவைக் கார்களில் என்ஜினும் கியர் பாக்ஸும் சப்ஃபிரேமோடு, அதாவது அவற்றை அடியில் தாங்கும் சட்டத்தோடு, அடிவழியாக இறங்கும்படிதான் கம்பெனி வடிவமைத்திருக்கிறது. மேல்வழியாக எடுக்க இடமே இருக்காது. உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் எந்த வழி என்று பார்த்துவிட்டே கருவி வாங்குங்கள்; இதைப் பார்க்காமல் கிரேன் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் நிறைய. அடிவழி என்றால் காலால் அழுத்தும் ஹைட்ராலிக் லிஃப்ட் டேபிள், 300 முதல் 500 கிலோ தாங்கக்கூடியது, மிகச் சிறந்த கருவி. அகலமான தட்டு, அசையாமல் நிற்கும், அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம். கவனிக்க வேண்டியது அதன் மிகக் குறைந்த உயரம். தட்டு 28 செ.மீ.க்குக் கீழே இறங்காது என்றால், அதன் மேல் 65 செ.மீ. என்ஜின், ஆக 93 செ.மீ. இடைவெளி காரின் முன்விளிம்புக்கு அடியில் வேண்டும். வீட்டு ஜாக் ஸ்டாண்டு அந்த உயரத்துக்குப் போகாது, போகவும் கூடாது. பம்பரையும் முன் குறுக்குச் சட்டங்களையும் கழற்றி முன்வழியாக உருவ முடிகிற வண்டியில்தான் இது வீட்டில் சாத்தியம். முடியாத வண்டி என்றால் தூண் லிஃப்ட் உள்ள இடத்தை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

டிராலி ஜாக் இந்த வேலையில் உதவியாள் மட்டுமே. காரை ஸ்டாண்டில் ஏற்ற, கியர் பாக்ஸைத் தாங்கிப் பிடிக்க, மவுண்டிங் போல்ட்டு உருவும்போது என்ஜினை ஒரு செ.மீ. ஏந்திக்கொள்ள. அதற்குமேல் அதை நம்ப வேண்டாம். என்ஜினை ஏந்தும்போது சம்ப்புக்கும் ஜாக்குக்கும் இடையே அகலமான மரக்கட்டை அவசியம். சம்ப் மெல்லிய தகடு. ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் அதன் அடித்தட்டுக்கு வெகு அருகில் இருக்கிறது. தகடு உள்வாங்கினால் வாய் அடைபட்டு, பூட்டிய புது என்ஜின் ஆயில் பிரஷர் இல்லாமல் சீஸாகும். பாட்டில் ஜாக் பாரத்தைத் தூக்கும், ஆனால் அடி குறுகல், என்ஜின் சற்று அசைந்தாலே சாயும். டிக்கியில் கிடக்கும் ஸ்குரூ ஜாக் ஸ்டெப்னி மாற்ற மட்டும். பக்கச் சட்டங்களின் மேல் குறுக்கே நிற்கும் சப்போர்ட் பார், கியர் பாக்ஸ் மட்டும் இறக்குகிறவர்களுக்கு அருமை. அதனால் என்ஜினை வெளியே எடுக்க முடியாது.

எதை வாங்கினாலும் தூக்கும் வேளையில் நடப்பது ஒன்றுதான். பானெட்டைக் கழற்றி, கீல் இருந்த இடத்தைக் குறித்துவையுங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கார் சக்கரத்தில் நின்றால் முதல் சில செ.மீ. என்ஜின் தனியாக ஏறாது. ஸ்பிரிங் விரிந்து காரின் முன்பக்கமே கூட எழும். அப்போது மவுண்டிங் ரப்பருக்கும் அதன் தாங்கிக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கார் நன்றாக எழுந்தும் வெளிச்சம் தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள். ஏதோ பிடித்திருக்கிறது. பெரும்பாலும் கியர் பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிள், அல்லது பின்பக்கம் மறைந்திருக்கும் ஹீட்டர் ஹோஸ். கிரேனுக்கு இது தெரியாது, காரையே தூக்கிவிடும். இருவர் வேண்டும், ஒருவர் பம்ப்பிலும் வால்விலும், மற்றவர் என்ஜினைச் சுற்றி விளக்கோடு. வெளியே வந்தவுடன் என்ஜினைக் கால்களுக்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி இறக்கிய பிறகே கிரேனை உருட்டுங்கள், தூணைப் பிடித்துத் தள்ளுங்கள், என்ஜினைப் பிடித்து இழுக்காதீர்கள். கார் நான்கு ஸ்டாண்டில் நின்றால் முன்பாரம் போனதும் எடை பின்னால் சாயும். பின் ஸ்டாண்டுகள் முன்னோக்கி நெருங்கி வைக்கப்பட்டிருந்தால் மூக்கு மேலே தூக்கிவிடும். என்ஜின் இருக்கும்போதே அவற்றைப் பின்னோக்கி வைத்துவிட வேண்டும்.

என்ஜின் ஸ்டாண்டும் வாங்குகிறீர்கள் என்றால் கிரேனோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஸ்டாண்டின் அடிச்சட்டம் கிரேனின் இரு கால்களுக்கு நடுவே நுழைய வேண்டும். சில ஜோடிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு என்ஜினைக் கைமாற்றவே விடாது. ஸ்டாண்டில் பூட்டுவது கியர் பாக்ஸ் இணையும் முகத்தில்தான் என்பதால், கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் என்ஜின் தொங்கும்போதே கழற்ற வேண்டியிருக்கும். அதற்கு என்ஜினை இறக்கி, அடியில் டயரோ மரக்கட்டையோ கொடுத்து, சங்கிலி லேசாக இறுகி நிற்கும் நிலையில் செய்யுங்கள். மூன்று சக்கர ஸ்டாண்டு வேண்டாம், நான்கு சக்கரம் எடுங்கள். அதோடு வரும் போல்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, உங்கள் என்ஜினின் மரைக்குப் பொருந்தும் 10.9 கிரேடு போல்ட்டுகள் நான்கை, தேவையான நீளத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.